கூகுளில் போட்டால் வந்துவிடுமா?

மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்த ஒரு பையன் பாதியில் கல்லூரியை விட்டு நின்றதைப் பற்றிப் போன வாரத்திலிருந்து எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டீர்கள். அதில் ஒரு பதிவைவிட அதன் கீழே வந்த கருத்துதான் என்னைத் தூங்கவிடவில்லை. "கவர்மென்ட் இவ்ளோ குடுக்குது. அதைக்கூட தெரிஞ்சுக்காம மேனேஜ்மென்ட் கோட்டாவுல போய் சேர்ந்தா யார் தப்பு? கூகுள்ல போட்டா வரப்போகுது." இதற்கு லைக் போட்டவர்களில் இரண்டு பேர் ஆசிரியர்கள். என் நண்பர்கள்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினெட்டு வருடமாக பிளஸ் டூ-வுக்கு இயற்பியல் எடுக்கிறேன். எங்கள் பள்ளியில் உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியரும் நான்தான். அந்த உரிமையில் சொல்கிறேன், தப்பு அவனுடையது இல்லை. நாம் சொல்லவில்லை.

எதைக் கூகுளில் போடுவான்? அரசுக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான், குடும்பத்தில் முதலில் பட்டம் படிக்கிறவருக்கான முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை, மேனேஜ்மென்ட் கோட்டா என்றால் கிடையாது. இப்படி ஒரு விதி இருப்பது தெரிந்தால்தானே தேடுவான்? ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021லிருந்து பொறியியலிலும் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் விடுதிக் கட்டணத்தைக்கூட அரசே கட்டும். அவன் வீட்டுக்குப் போய் இதை யார் சொன்னது? கல்லூரிக்கு ஆள் பிடிக்கும் புரோக்கரா?

2022இல் என் மாணவன் ஒருவன். கட்-ஆஃப் மோசமில்லை. ரிசல்ட் வந்த மறுநாளே புரோக்கர் வீட்டு வாசலில். "சீட்டு போயிடும், இன்னிக்கே அட்வான்ஸ் போடுங்க" என்று பத்தாயிரம் ரூபாயும் ஒரிஜினல் டிசியும் மார்க் ஷீட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தபோது கல்லூரியே திறந்துவிட்டது. அவன் அம்மா ஒரு ஜவுளிக்கடைக் கவரில் சுற்றி முதல் பட்டதாரிச் சான்றிதழைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். இ-சேவை மையத்தில் பணம் கட்டி, விஏஓ, ஆர்ஐ என்று மூன்று நாள் கூலியை விட்டு அலைந்து வாங்கியது. "இதக் காட்டுனா ஃபீஸ் கொறைப்பாங்கல்ல டீச்சர்?" என்றார். எனக்கு வார்த்தை வரவில்லை. அவனுக்கு மின்னியல் நடத்தினேன், ஒளியியல் நடத்தினேன், இந்த ஒரு வரியைச் சொல்லாமல் விட்டேன். மூன்றாவது செமஸ்டரோடு நின்றுவிட்டான்.

ஆசிரியருக்கு ஆயிரம் வேலை என்பீர்கள். எமிஸ் தளத்தில் மாணவர் விவரம் ஏற்றுவது, தேர்தல் பணி எல்லாம் நானும்தான் பார்க்கிறேன், என்னிடமே சொல்லாதீர்கள். பிளஸ் ஒன்னிலிருந்து மாதம் ஒரு பீரியட் போதும் என்கிறேன். உயர்கல்வி பற்றிச் சொல்ல அரசு 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சி நடத்துகிறதே என்பீர்கள். நல்ல திட்டம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நானே போயிருக்கிறேன். ஆனால் மண்டபத்தில் ஒரு நாள் கேட்டதில் பாதி, பஸ் ஏறும்போதே மறந்துபோகிறது. அப்பா அம்மாவை எதிரில் உட்காரவைத்து, கல்லூரி கேட்கும் மொத்தப் பணத்தை ஒரு தாளில் எழுதி, அரசு தருவது இவ்வளவு, கையிலிருந்து போவது இவ்வளவு, பஸ்ஸுக்கு இவ்வளவு என்று கழித்துக் காட்ட வேண்டும். அதுவும் ரிசல்ட்டுக்கு முன்னாடி.

கல்விக்கடனும் அப்படித்தான். ஏழரை லட்சம் வரைக்கும் அடமானம் வேண்டாம் என்பது தெரியாமல் வங்கி மேனேஜர் அறை வாசலோடு திரும்பி வருகிறார்கள். வாங்கியவர்களோ, தேர்தல் வந்தால் தள்ளுபடி ஆகிவிடும் என்று நம்புகிறார்கள். படிக்கிற காலத்துக்கும் அதன்பின் ஒரு வருடத்துக்குமான வட்டிக்குத்தான் மத்திய அரசின் முழு மானியம், அதுவும் குடும்ப வருமானம் வருடத்துக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்து, படிப்புக்கோ கல்லூரிக்கோ தர அங்கீகாரமும் இருந்தால். அசலை நாம்தான் கட்ட வேண்டும். கையெழுத்துப் போடும் முன் இதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா?

போன வருடம் ஒரு பெண் கல்லூரி போகும் பெண்களுக்கு அரசு மாதாமாதம் தரும் 'புதுமைப் பெண்' ஆயிரம் ரூபாய் எட்டு மாதமாக வரவே இல்லை என்று அழுதாள். ஆறாம் வகுப்பில் ஸ்காலர்ஷிப்புக்காகத் திறந்த பழைய கணக்கில் ஆதார் இணைந்திருந்தது. பணம் மாதாமாதம் அங்கேதான் விழுந்திருக்கிறது. பாஸ்புக் எங்கே என்று அவளுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. இது எந்தக் கூகுளில் வரும்?

பெற்றோருக்குப் பொறுப்பு வேண்டாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். என் அப்பா தன் பெயரை எழுதவே பேனாவை இறுக்கிப் பிடிப்பார், நெற்றி வியர்த்துவிடும். நான் கல்லூரி சேர்ந்த அன்று அலுவலக ஜன்னலில் கேட்ட தொகையைக் கேட்டபடி எண்ணி வைத்தார். அம்மா தாலிக்கொடியை அடகு வைத்த பணம். சலுகை ஏதாவது உண்டா என்று கேட்கலாம் என்பதே அவருக்குத் தெரியாது. அவரைப் பொறுப்பில்லாதவர் என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லிப் பாருங்கள்.

இதற்குப் போய் ஏன் இவ்வளவு உணர்ச்சிவசப்படுகிறாய் என்று இன்பாக்ஸில் கேட்டவருக்கு. அந்த அம்மா சான்றிதழை என் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். அதே ஜவுளிக்கடைக் கவரோடு இன்னும் என் பீரோவில் இருக்கிறது. கொண்டுபோய்க் கொடுக்க இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.