அக்கா மறைக்கச் சொன்ன ஒரு வருடம்

இங்கிலாந்தில் ஏ லெவல், அதாவது பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வந்த வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு அக்கா அழைத்தார். குரலே சரியில்லை. அவருடைய மகன், என் மருமகனுக்குக் கணிதத்தில் பி, இரசாயனத்தில் சி, உயிரியலில் டி. ஐந்து வருடமாக எங்கள் குடும்பத்தில் ஓடிக்கொண்டிருந்த டொக்டர் கதை அன்று காலைச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது. மருமகனின் முகத்தில் மட்டும் ஒரு சின்ன நிம்மதி இருந்ததாக அத்தான் பிறகு சொன்னார்.

மத்தியானம் அவனே, நிரம்பாத இடங்களைக் கடைசியில் நிரப்பும் கிளியரிங் வழியாக, நாலைந்து பல்கலைக்கழகங்களுக்குத் தொலைபேசியில் பேசி ஒரு இடம் எடுத்துவிட்டான். இயந்திரப் பொறியியல், பட்டப்படிப்புக்கு முன் அடிப்படைப் பாடங்களைப் படிக்கும் பவுண்டேஷன் வருடத்தோடு நான்கு வருடம். சாயந்தரம் அக்கா மறுபடியும் அழைத்தார். "எஞ்சினியரிங் கிடைத்திருக்கிறது என்று மட்டும் சொல்லு. பவுண்டேஷன் என்று ஒருவருக்கும் சொல்லாதே. முக்கியமாக மாமிக்கு."

நான் இதை முகநூலில் எழுதுவது அக்காவுக்குத் தெரியும். அனுமதி எப்படிக் கிடைத்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மருமகன் பௌதிகம் படிக்கவில்லை. ஏன் படிக்கவில்லை? மருத்துவத்துக்கு இரசாயனமும் உயிரியலும் வேண்டும், பௌதிகம் தேவையில்லை என்று பதினாறு வயதில் நாங்கள் எல்லோரும் கூடி முடிவெடுத்தோம். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன், வடையும் சாப்பிட்டேன். வீட்டுச் சலவை இயந்திரத்தின் பம்பை இரண்டு தடவை கழற்றிப் பூட்டிய பையனிடம் உனக்கு என்ன விருப்பம் என்று ஒருவரும் கேட்கவில்லை. பொறியியலுக்கு இங்கே பெரும்பாலும் கணிதமும் பௌதிகமும் கேட்பார்கள். பவுண்டேஷன் வருடம் இந்த மாதிரிப் பிள்ளைக்காகவே இருக்கிறது. அவனுடைய தோல்வியை மூடுவதற்கு அல்ல, நாங்கள் எடுத்த பிழையான முடிவைத் திருத்துவதற்கு. குவீன் மேரி, சவுத்தாம்ப்டன், மான்செஸ்டர் என்று பெயர் சொன்னால் எங்கள் ஆட்கள் தலை நிமிரும் பல்கலைக்கழகங்களிலும் இது இருக்கிறது.

இனி என் கதை. இதுவரை நான் இதை வெளியே பெரிதாகச் சொன்னதில்லை. ஆகவே அக்காவை மட்டும் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

1995 ஒக்டோபர் கடைசியில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டு நடந்தபோது நான் உயர்தரக் கணிதப் பிரிவில் இருந்தேன். தூய கணிதக் கொப்பி மட்டும் பையில் வந்தது. அதற்குப் பிறகு படிப்பு என்பது தென்மராட்சியில் ஒரு மரத்தடி, பிறகு அதுவும் இல்லை. 2000இல் லண்டன் வந்து, இரவில் பெற்றோல் நிலையத்தில் நின்று, 2003இல் என் இருபத்தாறாவது வயதில் ஒரு பல்கலைக்கழகத்தின் பொறியியல் பவுண்டேஷன் வகுப்பில் உட்கார்ந்தேன். வகுப்பில் சோமாலியாவிலிருந்து வந்த இருவர், ஏ லெவலில் வரலாறும் பிரெஞ்சும் படித்துவிட்டு மனம் மாறிய ஒரு ஆங்கிலேயப் பெண், முப்பத்தைந்து வயது லொறிச் சாரதி ஒருவர். நான் இவர்களை விட ஒரு படி மேலே என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன். வகையீடும் தொகையீடும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. காவிகளும் (வெக்டர்) அப்படியே. முதல் மாதம் கணித வகுப்பில் நான்தான் ராசா.

பிறகு ஆய்வுகூடம் வந்தது.

எளிய ஊசல் பரிசோதனை. யாழ்ப்பாணத்தில் படித்த எவருக்கும் இது மனப்பாடம். ஒரு நூல், ஒரு குண்டு, ஒரு நிறுத்தற்கடிகாரம். நூலின் நீளத்தை ஐம்பது சென்ரிமீற்றரிலிருந்து ஒரு மீற்றர் வரை மாற்றி மாற்றி, ஒவ்வொரு தடவையும் இருபது அலைவுகளுக்கு எடுக்கும் நேரத்தை அளந்து, அலைவுகாலத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரைய வேண்டும். வரும் நேர்கோட்டின் படித்திறனிலிருந்து, அதாவது சாய்விலிருந்து, புவியீர்ப்பு ஆர்முடுகல் (முடுக்கம்) கிடைக்கும். கோடு பூச்சியப் புள்ளிக்கூடாகப் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். நீளமே இல்லாத ஊசலுக்கு அலைவுகாலம் ஏது?

என் புள்ளிகள் அப்படிப் போகவில்லை. எல்லாம் ஒரு மயிரிழை மேலே நின்றன. நான் அடிமட்டத்தைப் பூச்சியத்தில் வைத்து, புள்ளிகளுக்கு நடுவால் ஒரு கோட்டை வற்புறுத்தி இழுத்தேன். கணக்குப் பார்த்தால் 9.6 வந்தது. புத்தகத்தில் இருப்பது 9.81. ஊரில் என்ன செய்வோமோ அதையே செய்தேன். இரண்டு நேரங்களை அழித்துத் திருத்தி, 9.81 என்று எழுதி, கீழே இரட்டைக் கோடு போட்டேன்.

அடுத்த கிழமை ஆய்வுகூட ஆசிரியர் என்னைத் தனியே கூப்பிட்டார். நரைத்த தாடி, எப்போதும் ஒரே பச்சைக் கம்பளிச் சட்டை. என் அறிக்கையை மேசையில் விரித்து, அழித்த இடத்தைப் பென்சிலால் காட்டினார். கோபப்படவில்லை. "முதலில் என்ன எழுதியிருந்தாய்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அவர் அந்தப் பழைய எண்களை வைத்து, பூச்சியத்தைப் பற்றிக் கவலைப்படாமல், புள்ளிகள் காட்டிய வழியே ஒரு கோடு இழுத்தார். படித்திறனைக் கணக்கிட்டார். 9.8 வந்தது.

பிறகு அந்தக் குண்டை எடுத்து வந்து என் கையில் வைத்தார். நூலை எதுவரை அளந்தாய் என்று கேட்டார். நூல் குண்டைத் தொடும் இடம் வரை அளந்திருந்தேன். குண்டின் நடுவரை அளந்திருக்க வேண்டும். குண்டின் விட்டம் மூன்று சென்ரிமீற்றர். ஒவ்வொரு நீளமும் ஒன்றரைச் சென்ரிமீற்றர் குறைந்திருந்தது. கோடு பூச்சியத்தைத் தொடாமல் மேலே நின்றது அதனால்தான். வரைபு என் பிழையை எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் அதன் வாயைப் பொத்திவிட்டு, புத்தகத்தின் விடையைத் திருடி எழுதியிருக்கிறேன். இரண்டு பொய்யும் சொல்லாமல் சும்மா விட்டிருந்தால் சரியான விடை தானாகவே வந்திருக்கும்.

அந்த அறிக்கைக்கு இருபதுக்கு நான்கு கிடைத்தது. லொறிச் சாரதிக்குப் பதினாறு. அவருக்கு வகையீடு வராது, ஆனால் அளந்ததை அளந்தபடி எழுதியிருந்தார், எங்கே கை நடுங்கியது என்பது உட்பட.

எனக்கு அந்த வருடம் தந்தது இதுதான். சிக்கலெண், மின்சுற்று, பொருட்களின் வலிமை எல்லாவற்றையும் எப்படியும் ஒரு புத்தகத்திலிருந்து படித்திருப்பேன். இன்று நான் பாலங்களின் அதிர்வை அளக்கும் வேலை செய்கிறேன். கருவி காட்டும் எண் எதிர்பார்த்த எண்ணாக இல்லாதபோதுதான் எங்கள் வேலையே தொடங்குகிறது. முதலாம் வருடத்தில் நூற்றைம்பது பேரோடு ஒரு மண்டபத்தில் இருந்திருந்தால், அந்தத் தாடிக்காரர் என் அழித்த இடத்தைக் கண்டிருக்கவே மாட்டார். பவுண்டேஷனில் நாங்கள் இருபத்திரண்டு பேர்.

அதற்காக எல்லாப் பவுண்டேஷனும் நல்லது என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதில் வியாபாரமும் இருக்கிறது. உயர்கல்வி நிதியை அரசுக்காக ஆராய்ந்த ஓகர் குழுவின் 2019 அறிக்கை, பட்டப்படிப்போடு ஒட்டிய பவுண்டேஷன் வருடங்களுக்குக் கடனுதவியை நிறுத்தவே பரிந்துரைத்தது. தகுதி போதாத பிள்ளைகளை இழுத்து மூன்று வருடப் படிப்பை நான்காக்கப் பல்கலைக்கழகங்கள் இதைப் பயன்படுத்துகின்றன என்ற சந்தேகம் அவர்களுக்கு. பரிந்துரை எனக்குப் பிடிக்கவில்லை, சந்தேகம் நியாயமானது. கடனுதவியை அரசு நிறுத்தவில்லை. 2025 இலையுதிர்காலத்திலிருந்து வணிகம், சமூகவியல் போன்ற வகுப்பறைப் பாடங்களின் பவுண்டேஷன் வருடத்துக்கு 5,760 பவுண் என்று ஒரு உச்சவரம்பு மட்டும் வைத்தது. பொறியியலுக்கு அந்தச் சலுகை இல்லை. 2025-26 கல்வியாண்டில் முழுத் தொகையான 9,535 பவுண் வரை வாங்கலாம். நான் படித்த காலத்தில் ஆயிரத்துச் சொச்சம்தான்.

இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு இதற்கும் மாணவர் கடன் கிடைக்கும். ஆனால் பவுண்டேஷன் வருடம் அந்தப் பட்டப்படிப்பின் ஒரு பகுதியாக, ஒரே விண்ணப்பக் குறியீட்டில் இருக்க வேண்டும். தனியாக நிற்கும் பவுண்டேஷனுக்கு அந்தக் கடன் வராது. இப்போது சேர்பவர்கள் வருடத்துக்கு 25,000 பவுணுக்கு மேல் உழைக்கும் தொகையில் நூற்றுக்கு ஒன்பது திருப்பிக் கட்ட வேண்டும், நாற்பது வருடம் வரை. அக்கா பயப்பட வேண்டியது மாமிக்கு அல்ல, இந்த நாற்பது வருடத்துக்கு.

ஆகவே மருமகனைக் கேள்வி கேட்க வைத்தேன். நான் பேசவில்லை, பக்கத்தில் மட்டும் இருந்தேன். அடுத்த வருடத்துக்குப் போக எத்தனை புள்ளி வேண்டும்? சில இடங்களில் நாற்பது, சில இடங்களில் அறுபது, சில இடங்களில் கணிதத்துக்கு மட்டும் தனி வரம்பு. கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் ஆய்வுகூடம்? இந்தக் கேள்விக்கு மறுமுனையில் ஒருவர் நீண்ட நேரம் தடுமாறினார். அந்தப் பல்கலைக்கழகத்தைக் கைவிட்டோம். பட்டத்துக்கு இயந்திரப் பொறியியலாளர் நிறுவனத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்றும் கேட்டான். அது அவனாகவே கேட்டது.

வயது வந்தவர்கள் வேறொரு வழியையும் பார்க்க வேண்டும். பத்தொன்பது வயதோ அதற்கு மேலோ ஆனவர் உள்ளூர்க் கல்லூரியில் பல்கலைக்கழகம் போகத் தகுதி தரும் அக்செஸ் டிப்ளோமா படித்து, பிறகு பட்டப்படிப்பையும் முடித்தால், அந்த டிப்ளோமாவுக்கு எடுத்த கடன் தள்ளுபடியாகும். இந்தக் கடன் என் காலத்தில் இருக்கவில்லை, இருந்திருந்தால் ஒருவேளை அந்தப் பக்கம் போயிருப்பேன். தாடிக்காரரையும் சந்தித்திருக்க மாட்டேன், அது வேறு.

பௌதிகம் படித்து ஒரு தரத்தால் மட்டும் தவறவிட்ட பிள்ளை என்றால் என் கருத்து வேறு. வீட்டிலிருந்து பரீட்சையைத் திரும்ப எழுதுவது மலிவு. கணிதமே பிடிக்காத பிள்ளையைப் பவுண்டேஷனுக்கு அனுப்புவதோ கொடுமை, அந்த வருடத்தில் பாதி கணிதம்தான். தொழில்பயிலுநராகச் சேர்ந்து சம்பளம் வாங்கிக்கொண்டே பட்டம் படிக்கும் வழியும் இருக்கிறது, கட்டணம் ஒரு சதமும் இல்லை. ஆனால் அதைச் சொன்னால் எங்கள் வீடுகளில் "கராச்சில் வேலை பழகப் போகிறானா?" என்பார்கள். அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன், கோபம் அடங்கட்டும்.

பிறநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளின் கதை வேறு. அவர்களுக்குக் கட்டணமும் வேறு, கடனும் இல்லை. தரகருக்குக் கழிவு கொடுத்து ஆள் பிடிக்கும் இடங்களும் உண்டு. ஊரில் காணி விற்று அனுப்ப யோசிக்கும் பெற்றோர், தரகர் சொல்லும் "அடுத்த வருடம் நிச்சயம்" என்ற சொல்லை எழுத்தில் வாங்குங்கள். எந்தப் புள்ளிக்கு நிச்சயம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும்.

இனி அக்காவின் அனுமதி. போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவர், தேநீர் குடித்துக்கொண்டே மெல்லக் கேட்டார். "பட்டம் கொடுக்கும்போது பவுண்டேஷன் என்று அதில் எழுதுவார்களா?" நான் மாடிக்குப் போய், சுவரிலிருந்த என் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தோடு கழற்றி வந்து மடியில் வைத்தேன். அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். அந்தச் சொல் எங்கும் இல்லை. ஏறக்குறைய இருபது வருடமாக அந்தச் சான்றிதழ் அந்தச் சுவரில்தான் இருக்கிறது, என் தம்பி நேரே எஞ்சினியரிங் படித்தவன் என்று ஊர் முழுவதும் சொன்னதும் அவர்தான்.

"நீயும் அதுதானா?" என்றார். சிரித்தார். எழுது என்றார். போகும் முன் சான்றிதழைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். கண்ணாடியில் வெளிச்சம் பட்டதால் இரண்டாம் தடவையும் எடுத்தார். அன்றிரவே மாமி என்னை அழைத்து, பவுண்டேஷன் என்றால் என்ன தம்பி என்று கேட்டார்.