சின்ன சார்ட்டர் பள்ளி என்றால் ரேட்டிங்கை ஓரமாக வையுங்கள்

கலிபோர்னியாவில் சார்ட்டர் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்துவிட்டால் நம் தமிழ்ப் பெற்றோர் வாட்ஸப் குழுக்களில் ஒரே கேள்விதான் ஓடும். "அந்த ஸ்கூலுக்கு ரேட்டிங் எத்தனை?" ஏழு, ஒன்பது என்று யாராவது சொல்வார்கள், அத்தோடு பாதிப் பேர் முடிவெடுத்துவிடுவார்கள். மகளை கிண்டர்கார்டனில் சேர்ப்பதற்காக நானும் சில மாதங்களாக இதைத்தான் அலசிக்கொண்டிருக்கிறேன். வகுப்புக்கு ஒரே பிரிவு, மொத்தமே 120 குழந்தைகள் என்ற அளவில் நடக்கும் பள்ளியைப் பற்றி அந்த எண் ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை. அதை நடத்தும் பெரியவர்கள் யார், எப்படி நடத்துகிறார்கள் என்று விசாரிப்பதுதான் நம் வேலை.

புதிதாக இங்கே வந்தவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். சார்ட்டர் பள்ளி தனியார் பள்ளி இல்லை. ஊரில் இருக்கும் அரசு உதவி பெறும் பள்ளியை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும்: பணம் அரசுடையது, நிர்வாகம் வேறொருவருடையது. கட்டணம் கிடையாது, நுழைவுத் தேர்வு கிடையாது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்தான். 1991-இல் மினசோட்டா மாநிலம் இதற்கு முதல் சட்டம் போட்டது, அடுத்த ஆண்டே கலிபோர்னியாவும் போட்டது. பாடத்திட்டத்திலும் நடைமுறையிலும் பள்ளிக்குச் சுதந்திரம் உண்டு. ஆனால் அனுமதி சில ஆண்டுகளுக்குத்தான், முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் பள்ளியை மூட வேண்டியதுதான்.

"சார்ட்டர் நல்லதா, டிஸ்ட்ரிக்ட் பள்ளி (உள்ளூர்க் கல்வி மாவட்டமே நடத்தும் வழக்கமான அரசுப் பள்ளி) நல்லதா?" என்று பொதுவாகக் கேட்பதிலும் பயனில்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் கிரேடோ மையம் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், கணிதத்தில் 17 சதவீத சார்ட்டர் பள்ளிகளே ஒப்பிட்ட அரசுப் பள்ளிகளைவிட மேலாக இருந்தன. 37 சதவீதம் கீழே இருந்தன. அதே மையம் 2023-இல் வெளியிட்ட ஆய்வில் சராசரி சார்ட்டர் மாணவர் வாசிப்பில் 16 நாள், கணிதத்தில் 6 நாள் கூடுதலாகக் கற்றதற்குச் சமமான முன்னேற்றம் தெரிந்தது. நல்ல செய்திதான். ஆனால் நம் பிள்ளை சராசரிப் பள்ளிக்குப் போகப் போவதில்லை, தெருமுனையில் இருக்கும் அந்த ஒரு பள்ளிக்குத்தான் போகப் போகிறது.

சரி, ரேட்டிங்குக்கு வருவோம். அந்த எண் பெரும்பாலும் மாநிலத் தேர்வு முடிவுகளை வைத்துத்தான் வருகிறது. மாநிலத் தேர்வு மூன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளியில் மூன்று வகுப்புகள் மட்டுமே அதை எழுதும். வகுப்புக்கு 20 பேர் என்று வைத்துக்கொண்டால், ஒரு வகுப்பின் தேர்ச்சி விகிதத்தில் ஒரே ஒரு குழந்தையின் பங்கு 5 சதவீதம். தேர்வன்று இரண்டு பேருக்குக் காய்ச்சல், நன்றாகப் படிக்கும் ஒருவர் டெக்ஸஸுக்குக் குடிபோய்விட்டார் என்றால் போதும், 10 சதவீதத்துக்கு மேல் காணாமல் போகலாம். அடுத்த ஆண்டு அதே ஆசிரியர் அதே பாடத்தை நடத்தி எண் மேலே ஏறலாம். மாநிலத்துக்கும் இது தெரியும். அதனால்தான் 11 பேருக்குக் குறைவான குழுவின் முடிவை வெளியிடுவதில்லை, பள்ளிகளின் நிலையை நிறங்களில் காட்டும் தன் டாஷ்போர்டு இணையதளத்தில் நிறம் கொடுக்கவும் குறைந்தது 30 பேர் வேண்டும் என்கிறது. இன்னொன்றையும் யோசியுங்கள். நம் குழந்தை முதலில் உட்காரப்போகும் கிண்டர்கார்டன், ஒன்று, இரண்டு ஆகிய வகுப்புகளைப் பற்றி அந்த எண்ணில் ஒன்றுமே இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் வயது அதுதானே!

அப்படியானால் எதைப் பார்ப்பது? என் பதில், போர்டு (பள்ளியின் நிர்வாகக் குழு) கூட்டத்தின் மினிட்ஸ், அதாவது அங்கே பேசியதையும் முடிவெடுத்ததையும் எழுதிவைக்கும் பதிவு. 2019-இல் நிறைவேறிய எஸ்பி 126 சட்டத்துக்குப் பிறகு இங்குள்ள சார்ட்டர் பள்ளிகளின் நிர்வாகக் குழுக்கள் ஊராட்சி மன்றங்களைப் போலவே பொதுவெளியில் கூட வேண்டும். வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சிநிரலை வெளியிட வேண்டும். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், எழுந்து பேசலாம். இவ்வளவு உரிமை இருந்தும் பள்ளி டூருக்குப் போகும் பெற்றோரில் எத்தனை பேர் ஒரு பழைய மினிட்ஸையாவது புரட்டுகிறோம்?

நான் டூர் போன ஒரு பள்ளி மனதை அள்ளிவிட்டது. தோட்டம், மரச்சாமான்கள், சுவரெங்கும் குழந்தைகள் வரைந்த படங்கள், சுற்றிக் காட்டியவரின் பேச்சு, எல்லாமே அழகு. ரேட்டிங்கும் உயரம். வீட்டுக்கு வந்து அதன் போர்டு மினிட்ஸைப் படித்தேன். குறுகிய காலத்தில் மூன்றாவது பிரின்ஸிபால் வந்திருக்கிறார். கட்டட வாடகை ஒப்பந்தம் முடியப்போகிறது, மாற்று இடம் முடிவாகவில்லை. எதிர்பார்த்த எண்ணிக்கையில் மாணவர்கள் சேரவில்லை என்று பட்ஜெட்டைத் திருத்தியிருக்கிறார்கள். டூரில் இதில் ஒன்றைக்கூட யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். ஐந்து வயதுக் குழந்தையை ஆறு ஆண்டுகளுக்கு ஒப்படைக்கப்போகிறவர்களுக்கு இது தெரிய வேண்டாமா?

பணக்கணக்கு சின்னப் பள்ளிக்கு உயிர்நாடி. இங்கே அரசுப் பணம் சராசரி தினசரி வருகையை வைத்து வருகிறது. 120 பேரில் 12 பேர் விலகினால் வருமானத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போய்விடும். ஆனால் வாடகை அப்படியே இருக்கும், ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு பேர் குறைந்ததற்காக ஓர் ஆசிரியரை நிறுத்தவும் முடியாது. அதனால் முதலில் போவது இசை, நூலகம், உதவி ஆசிரியர். வருடாந்தர ஆடிட் அறிக்கையைக் கேளுங்கள், கையிருப்பு எவ்வளவு என்று கேளுங்கள். நம்மவர்களுக்கு இதில் இன்னொரு சேதியும் உண்டு. பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வரும் பழக்கம் நமக்கு இருக்கிறது. அதைப் பள்ளி எப்படி எடுத்துக்கொள்ளும், இண்டிபெண்டன்ட் ஸ்டடி (பள்ளிக்கு வராத நாட்களில் வெளியிலிருந்தே பாடம் படிப்பது) ஒப்பந்தம் போடுவார்களா என்பதைச் சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கட்டடமும் அப்படித்தான். 2000-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய ப்ரொபொசிஷன் 39-இன்படி டிஸ்ட்ரிக்ட் தன் பள்ளிகளுக்கு நிகரான இடத்தை சார்ட்டருக்கும் தர வேண்டும். ஆனால் அந்த டிஸ்ட்ரிக்டைச் சேர்ந்த மாணவர்கள் குறைந்தது 80 பேர் இருக்க வேண்டும், அதற்கும் ஆண்டுதோறும் விண்ணப்பிக்க வேண்டும். மற்றவர்கள் தேவாலய வளாகத்திலோ அலுவலகக் கட்டடத்திலோ வாடகைக்கு இருப்பார்கள். அடுத்த ஆகஸ்டில் பள்ளி இதே இடத்தில் இருக்குமா என்று கேட்பதில் தவறே இல்லை.

அனுமதி எப்போது புதுப்பிக்கப்பட்டது, எத்தனை ஆண்டுகளுக்கு என்றும் பாருங்கள். 2019-இன் ஏபி 1505 சட்டப்படி நன்றாகச் செயல்படும் பள்ளிக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டு வரை கிடைக்கும். தடுமாறும் பள்ளியைத் தொடர அனுமதித்தால் இரண்டே ஆண்டுதான்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது வேறொரு விஷயத்தில். நெருங்கிய தோழியின் மகனுக்கு ஸ்பீச் தெரபி தேவை. ஐஇபி, அதாவது சிறப்புக் கல்வி தேவைப்படும் குழந்தைக்கென எழுதும் தனித் திட்டம், இருக்கிறது. ஒரு சின்னப் பள்ளியில் இதைச் சொன்னதும், "எங்களிடம் அவ்வளவு வசதி இல்லை, டிஸ்ட்ரிக்ட் பள்ளியில் நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள்" என்று இனிமையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் அதை அக்கறை என்று எடுத்துக்கொண்டு விண்ணப்பிக்காமலே வந்துவிட்டாள். சார்ட்டர் பள்ளியும் அரசுப் பள்ளிதான். சிறப்புக் கல்வி தேவைப்படும் குழந்தைக்கு அதைத் தரும் கடமை அதற்கும் உண்டு, விண்ணப்பிக்க விடாமல் தடுக்க அதற்கு உரிமை கிடையாது. அதேபோல பெற்றோர் இத்தனை மணி நேரம் தன்னார்வமாக வேலை செய்தால்தான் இடம் என்று கட்டாயப்படுத்தவும் முடியாது, 2017-இன் ஏபி 1360 அதைத் தெளிவாகச் சொல்கிறது. நம் குழந்தைக்குத் தெரபி தேவையில்லை என்றாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். தெரபிஸ்ட் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்று கேட்டால், பட்டென்று பதில் வருகிறதா, மழுப்புகிறார்களா என்பதிலேயே அந்தப் பள்ளியின் குணம் தெரிந்துவிடும்.

சின்னப் பள்ளிக்கு நான் எதிரி இல்லை. எல்லா ஆசிரியர்களுக்கும் எல்லாக் குழந்தைகளின் பெயரும் தெரிந்திருப்பது பெரிய விஷயம், அதிலும் வீட்டில் தமிழ் மட்டும் பேசி வளர்ந்த குழந்தைக்கு. ஆனால் ஒரே பிரிவு என்றால் அதே 20 முகங்களோடு ஆறு ஆண்டுகள். ஒருவரோடு ஒத்துவராவிட்டால் பிரிவு மாற்றிவிட வழியில்லை. என் மகள் சட்டென்று ஒட்டிக்கொள்கிறவள் என்பதால் எனக்கு அது பெரிய கவலையாக இல்லை. கூச்ச சுபாவமுள்ள குழந்தை என்றால் ஒருமுறைக்கு இருமுறை யோசித்திருப்பேன்.

அழகான தோட்டம் உள்ள பள்ளிக்கு நாங்கள் விண்ணப்பிக்கவில்லை. ரேட்டிங் குறைவான வேறொரு பள்ளிக்கு விண்ணப்பித்திருக்கிறோம். அங்கே முதல் வகுப்பு ஆசிரியர் பல ஆண்டுகளாக மாறவில்லை. போர்டு கூட்டத்தில் உறுப்பினராக இருக்கும் ஒரு பெற்றோர் பட்ஜெட்டை வரிவரியாகக் கேள்வி கேட்டார், பிரின்ஸிபாலும் பொறுமையாகப் பதில் சொன்னார். குலுக்கலில் விழுமா தெரியாது. அதனால் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள டிஸ்ட்ரிக்ட் பள்ளியிலும் பதிவு செய்துவிட்டோம். நீங்களும் அதைத் தள்ளிப்போடாதீர்கள். சார்ட்டர் முடிவுக்காகக் காத்திருந்தால், அதற்குள் பக்கத்துப் பள்ளி நிரம்பி உங்கள் பிள்ளையை தூரத்துப் பள்ளிக்கு அனுப்பிவிட வாய்ப்புண்டு.