அம்மாவால் முடிகிறது என்றால், அது யார் கையால் முடிகிறது?

நடமாட முடியாத அப்பா அம்மாவைச் சிங்கப்பூரில் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் குறிப்பாக, உடற்குறைக்கான மாதத் தொகைக்கு மனுப் போட்டு, தகுதி இல்லை என்று கடிதம் வந்ததும் அதை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு அத்தோடு பேச்சை முடித்துக்கொள்கிற நம் குடும்பங்களுக்காக. எனக்குத் தெரிந்தே நாலைந்து வீடுகளில் இப்படி நடந்திருக்கிறது. கேட்டால், "விடும்மா, கவர்மெண்டே இல்லைன்னு சொன்னப்புறம் யார்கிட்ட போய் நிக்கிறது" என்கிறார்கள். ஆனால் அந்தக் கடிதம் ஒரே ஒரு திட்டத்தின் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு ஆள் துணை வேண்டுமா என்று அதில் யாரும் எதுவும் சொல்லவில்லை.

எங்களுக்கும் அந்தக் கடிதம் வந்தது. அம்மாவுக்கு 74 வயது. பக்கவாதம் வந்து இடது கையும் காலும் சரியாக வேலை செய்வதில்லை. நான் முழுநேர வேலையை விட்டுப் பாதி நாள் வேலைக்கு மாறினேன். அண்ணனுக்கு ஷிப்ட் வேலை, அவர் இரவு வேலை முடிந்து வரும் நாட்களில் காலையில் அம்மாவைப் பார்த்துக்கொள்வார். ஈசூனில் மூவறை வீடு, நாங்கள் மூன்று பேர்.

விதி என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேருக்கு இது சரியாகத் தெரியவில்லை. எல்டர்ஷீல்டு, கேர்ஷீல்டு லைஃப் போன்ற நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதித் திட்டங்களில் பணம் கிடைக்க வேண்டுமானால் ஒருவருக்குக் கடும் உடற்குறை இருப்பதாக மதிப்பீட்டாளர் எழுதித் தர வேண்டும். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறையைப் பயன்படுத்துவது, வீட்டுக்குள் அறைக்கு அறை நடமாடுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது என்று அன்றாடச் செயல்கள் ஆறு. இதில் குறைந்தது மூன்றைத் தானாகச் செய்ய முடியாதவர்களுக்குத்தான் தொகை. சரி, இதுவரை நியாயம்தான் என்று தோன்றும். சிக்கல் அதற்கு அடுத்த வரியில் இருக்கிறது. முடியாது என்றால், அந்தச் செயல் தொடங்கி முடியும் வரைக்கும், எப்போதுமே, இன்னொருவர் கை கொடுத்தாக வேண்டும் என்று அர்த்தம். பாதி வேலையை அவரே செய்துகொண்டு பாதிக்கு ஆள் தேவைப்பட்டால் அது கணக்கில் வராது. கருவிகளின் உதவியோடு செய்ய முடிந்தாலும் முடிகிறது என்றே எடுத்துக்கொள்வார்கள்.

இப்போது எங்கள் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், பொறுமையாகத்தான் கேட்டார், அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உடுத்திக்கொள்ள முடியுமா என்று அவர் கேட்டதும் அம்மா "கேன், கேன்", அதாவது முடியும் முடியும், என்று தலையாட்டிவிட்டு, செய்தும் காட்டினார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வலது கையால் இடது கையைத் தூக்கி நைட்டிக்குள் நுழைத்து, அப்புறம் வலது கையை விட்டு, முன்பக்கத்தை இழுத்து ஒட்டிக்கொண்டார். ஆமாம், ஒட்டிக்கொண்டார். அம்மாவின் நைட்டிகள் எல்லாவற்றையும் தேக்காவில் ஒரு தையல்காரரிடம் கொடுத்து, முன்பக்கம் முழுக்கப் பிரித்து, பட்டனை எடுத்துவிட்டு வெல்க்ரோ வைத்துத் தைத்து வாங்கியிருக்கிறேன். இடது கை நுழையும் பக்கத்தில் அக்குளை அகலமாக வெட்டச் சொன்னேன். புடவை கட்டி, ரவிக்கைக் கொக்கி மாட்டி, கோயிலுக்குப் போய் வந்த அம்மாவால் இன்றைக்கு அதில் எதையும் தனியாகச் செய்ய முடியாது. மதிப்பீட்டாளர் கண்ணில் பட்டதெல்லாம் தானாக உடை மாற்றிக்கொண்ட ஒரு பாட்டிதான்.

நான் குறுக்கே புகுந்து சொல்லத்தான் செய்தேன். புடவை கட்ட முடியாது, இரவில் எழுந்தால் நான் பிடிக்காமல் நிற்க முடியாது, குளியலறையில் ஒருமுறை விழுந்து நெற்றியில் தையல் போட்டிருக்கிறோம், எல்லாம் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! வெளி ஆள் முன்னால் கழிவறை விஷயத்தையெல்லாம் பேசுகிறாயே என்ற பார்வை. பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்த்து எங்களை வளர்த்தவர், யாரிடமும் கைநீட்டியதில்லை. மகன் வயதில் உள்ள ஓர் ஆண் வந்து, உங்களால் மலம் கழித்துச் சுத்தம் செய்துகொள்ள முடியுமா என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? நம் அம்மாக்களில் எத்தனை பேர் முடியாது என்று வாய்விட்டுச் சொல்வார்கள்?

இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அம்மாவால் முடிகிறது என்று அந்தத் தாளில் எழுதியிருக்கும் ஒவ்வொன்றுக்குள்ளும் இன்னொருவரின் கை இருக்கிறது. கட்டிலின் காலுக்குக் கீழே அண்ணன் கட்டை வைத்து உயரமாக்கியிருக்கிறார், அதனால் அம்மாவால் எழ முடிகிறது. நடைபாதையில் ஒரு சாமான் இல்லாமல் நான் ஒழித்து வைத்திருக்கிறேன், அதனால் நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வர முடிகிறது. ஒரு வீட்டில் எவ்வளவுக்கு எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களோ அவ்வளவுக்கு அவ்வளவு அந்த நோயாளி தெம்பாகத் தெரிகிறார், அந்த அளவுக்கு மறுப்பு வரும் வாய்ப்பும் கூடுகிறது. கவனிக்க ஆள் இல்லாமல் அழுக்கு நைட்டியோடு அம்மா கிடந்திருந்தால் ஒருவேளை கிடைத்திருக்குமோ என்று யோசித்த இரவுகள் உண்டு. அப்படி ஒரு நினைப்பு ஒரு மகளுக்கு வரவே கூடாது.

மறதிநோய் உள்ளவர்களின் வீட்டில் இது இன்னும் கொடுமை. கை கால் நன்றாக இயங்கும், நடப்பார், சாப்பிடுவார். ஆனால் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோவார், நடுராத்திரியில் கதவைத் திறந்துகொண்டு லிஃப்டுக்குப் போய்விடுவார். வீட்டில் ஒருவர் கண்ணை மூட முடியாது. அந்தக் காவலை இந்த ஆறில் எதில் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

சரி, மறுத்துவிட்டார்கள், அப்புறம் என்ன செய்வது? நான் மருத்துவமனைச் சமூகப் பணியாளரிடம் போய் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஹோம் கேர்கிவிங் கிராண்ட் என்று ஒரு மானியம் இருக்கிறது. அதற்கும் அதே ஆறு செயல்கள்தான், அதே மூன்றுதான். ஆனால் தொடக்கம் முதல் முடிவு வரை ஆள் வேண்டும் என்று கேட்பதில்லை, மூன்று செயல்களில் எப்போதும் ஓரளவு உதவி தேவைப்பட்டால் போதும். அங்கே தேறாத அம்மா இங்கே தேறிவிட்டார். 2019இல் மாதம் 200 சிங்கப்பூர் வெள்ளியாகத் தொடங்கியது, 2023 மார்ச்சில் குடும்ப வருமானத்துக்கு ஏற்ப 250 அல்லது 400 வெள்ளி ஆனது, 2026 ஏப்ரலிலிருந்து அதிகபட்சம் 600 வெள்ளி என்று 2025இல் அறிவித்தார்கள். மறுப்புக் கடிதத்தோடு நின்றுவிட்டவர்களுக்கு இந்தப் பணம் இப்படியே போய்க்கொண்டிருக்கிறது, அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. ஏஐசி எனப்படும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் அலுவலகத்தில் கேளுங்கள், 1800 650 6060 என்ற எண்ணில் கூப்பிட்டாலும் சொல்வார்கள்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதே இல்லை. 1979இலோ அதற்கு முன்போ பிறந்தவர்கள் கேர்ஷீல்டு லைஃபில் விரும்பினால் சேரலாம், ஏற்கெனவே கடும் உடற்குறை உள்ளவர்கள் மட்டும்தான் சேர முடியாது. உங்கள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கடும் உடற்குறை இல்லை என்று மதிப்பீட்டாளர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள் அல்லவா, அப்படியானால் சேர முடியுமா, சந்தா எவ்வளவு என்று கேளுங்கள். வயதானவர்களுக்குச் சந்தா அதிகம்தான், ஆனால் மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் சேமிப்பிலிருந்து கட்டலாம். எல்டர்ஷீல்டு பழைய திட்டத்தில் மாதம் 300 வெள்ளி, அதுவும் 60 மாதம் வரைதான். பிறகு வந்ததில் 400 வெள்ளி, 72 மாதம். கேர்ஷீல்டு லைஃப் 2020இல் 600 வெள்ளியில் தொடங்கியது, 2025இல் மனுச் செய்து தேறியவர்களுக்கு 662 வெள்ளி, உடற்குறை இருக்கும்வரை ஆயுளுக்கும் வரும். கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

சக்கர நாற்காலிக்கு வருமானத்தைப் பொறுத்து 90 விழுக்காடு வரை மானியம் உண்டு. குளியலறைக் கம்பி, வழுக்காத தரை இதையெல்லாம் முதியோர் வீட்டு வசதிக்கான ஈஸ் திட்டத்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) செய்து தருகிறது. பணிப்பெண் வைத்திருந்தால் அரசுக்குக் கட்டும் மாதத் தீர்வை 300 வெள்ளிக்குப் பதில் 60 வெள்ளிதான், கூட வசிக்கும் பெற்றோருக்கு 67 வயதாகியிருந்தால் போதும்.

மதிப்பீட்டுக்குப் போகப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெற்றோரோடு முதல் நாளே உட்கார்ந்து பேசுங்கள். அம்மா, நாளைக்கு வருகிறவர் உன் மானத்தை எடைபோட வரவில்லை, நான் ராத்திரி எத்தனை முறை எழுந்திருக்கிறேன் என்று தெரிந்துகொள்ள வருகிறார் என்று சொல்லுங்கள். தினமும் குளிப்பாட்டுகிற ஆள் யாரோ அவர் கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும், அது பணிப்பெண்ணாக இருந்தால் பணிப்பெண். இரவில் நடப்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் அறிக்கை கேட்டு வாங்குங்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை. நல்ல நாளை மட்டும் காட்டுவதும் உண்மை ஆகாது. முதல் மதிப்பீட்டுக்குக் கட்டணம் கிடையாது. அடுத்த முறை போனால் கிளினிக்கில் 100 வெள்ளி, வீட்டுக்கு வந்தால் 250 வெள்ளி, தேறினால் திருப்பித் தருவார்கள். அதனால் நிலைமை மோசமானால் தயங்காமல் மறுபடி போடுங்கள்.

நாட்டிடம் எனக்குக் கேட்கவும் ஒன்று இருக்கிறது. பெற்றோரைப் பராமரிக்காத பிள்ளைகளை நடுவர் மன்றத்துக்கு இழுக்க 1995இலேயே சட்டம் போட்டோம். ஏழு வயதுக்குட்பட்ட குடிமகப் பிள்ளை இருந்தால் ஆண்டுக்கு ஆறு நாள் விடுப்புச் சட்டப்படி உண்டு. பெற்றோரைப் பார்க்க அப்படி ஒரு நாள்கூடச் சட்டத்தில் இல்லை, அரசு ஊழியர்களுக்கு மட்டும் 2012இலிருந்து இரண்டு நாள் இருக்கிறது. தனியாரில் வேலை பார்க்கிறவர் முதலாளியின் மனசைப் பார்த்து நிற்க வேண்டும். 2024 டிசம்பரில் வந்த நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டு வழிகாட்டியும் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொல்கிறது, அவ்வளவுதான். கடமையைச் சட்டமாக எழுதியவர்கள், அந்தக் கடமையைச் செய்ய நேரத்தையும் சட்டமாக எழுத வேண்டாமா?

மதிப்பீட்டிலும் மூன்று மாற்றம் வேண்டும். பராமரிக்கிறவரிடம் தனியாக, நோயாளி இல்லாத அறையில், பத்து நிமிடம் பேச வேண்டும். இரவில் என்ன நடக்கிறது என்று கட்டாயம் கேட்க வேண்டும். இரண்டு செயல் முடியாதவருக்கு ஒன்றுமே இல்லை, மூன்று முடியாதவருக்கு முழுத்தொகை என்று வெட்டி வைக்காமல் நடுவில் ஒரு படி இருந்தால் எத்தனையோ வீடுகள் மூச்சுவிடும். இதை நான் எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், நீங்களும் உங்கள் தொகுதியில் கொடுங்கள், தமிழில் எழுதிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள்.

அம்மாவுக்கு அடுத்த மாதம் தெரபிஸ்டிடம் தேதி இருக்கிறது. அடுத்த மதிப்பீட்டில் கழிவறை விஷயத்தை அம்மாவே சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார், ஆனால் பெண் மதிப்பீட்டாளர் வந்தால்தான் என்கிறார். அதைக் கேட்டு வாங்க முடியுமா என்று நாளைக்குக் காலையில் ஃபோன் போட வேண்டும்.