சத்திரம் என்று சிரித்தவர்களுக்கு

(2025 கோடையில் எழுதியது.) முந்தாநாள் எங்கள் கால்பந்துக் குழுவில் சுற்றிய அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மறுபடி இங்கே ஒட்டப் போவதில்லை. நம் லண்டன் அணி டாட்டன்ஹாமின் மைதான வாசலில் ‘அன்னசத்திரம், யார் வந்தாலும் இரண்டு கோல் இலவசம்’ என்று ஒரு பலகை. அதற்குக் கீழே, ‘தாமஸ் பிராங்க் வந்துவிட்டார், பின்களத்தில் நிற்கும் நாலு பேரையும் விற்றுத் தொலைத்தால் அடுத்த சீசனில் கரையேறிவிடலாம்’ என்று ஒரு வரி. பிராங்க் 2025இல் வந்த புதுப் பயிற்சியாளர். படத்தைப் போட்டவர் எனக்கு அண்ணன் மாதிரி. அவர் வீட்டில் கைநனைத்திருக்கிறேன். அதனால் அங்கே வாயைத் திறக்காமல் இங்கே வந்து எழுதுகிறேன். பலகையைப் பார்த்து நானும் சிரித்தேன். கீழே இருந்த வரிதான் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

எதையும் மறைக்கவில்லை. 2024-25 சீசனில் 38 ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் 65. தோல்விகள் 22. இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக்கில் 17ஆம் இடம். அந்த சீசனில் அதுவரை ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் வந்த இப்ஸ்விச், நம் மைதானத்தில்தான் முதல் வெற்றியைப் பார்த்தது. பிரைட்டனிடம் இரண்டு கோல் முன்னிலையில் இருந்து தோற்றோம். செல்சியிடமும் அப்படியே. மூன்று நாள் கழித்துச் சூடாக்கிய குழம்பைப் போல அதே ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தவன் நான். எனக்கு யாரும் பட்டியல் வாசிக்க வேண்டாம்.

ஆனால் அந்த நாலு பேர் யார் என்று மட்டும் சொல்லுங்கள். 2024 டிசம்பர் 22, லிவர்பூல் நம் வீட்டுக்கு வந்து ஆறு கோல் போட்ட இரவை எடுத்துக்கொள்ளுங்கள். கோல்கீப்பர் விகாரியோ கணுக்கால் எலும்பு முறிந்து கிடந்தார். முறிந்த காலோடு மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரான ஆட்டத்தை முடித்துவிட்டுப் போனவர் அவர், அந்த ஆட்டத்தில் ஒரு கோல்கூட விடவில்லை. நடுப் பின்கள வீரர் ரொமேரோ இல்லை. அவருடைய ஜோடி வான் டி வென் இல்லை. இருவரும் காயத்திலிருந்து திரும்பி செல்சிக்கு எதிராக ஒன்றாக இறங்கினார்கள், அதே ஆட்டத்தில் இருவரும் மீண்டும் காயம்பட்டு வெளியே போனார்கள். பின்களத்தின் நடுவில் நின்றது மாற்று வீரர் டிராகுஷினும் ஆர்ச்சி கிரேயும். கிரேவுக்கு அப்போது 18 வயது. அந்தப் பையன் பின்கள வீரனே அல்ல, நடுக்கள வீரன். லீட்ஸிலிருந்து வாங்கி வந்தபோது அவனிடம் யாரும் ‘தம்பி, லிவர்பூல் முன்கள ஆள் சாலாவை நீ பார்த்துக்கொள்’ என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஜனவரி முடியும்போது டிராகுஷினும் முழங்கால் தசைநார் கிழிந்து படுத்துவிட்டார். இப்போது சொல்லுங்கள், இதில் யாரை விற்கப் போகிறீர்கள்? ஸ்ட்ரெச்சரையா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று மனைவி கேட்டாள். காரணம் லண்டனில் இல்லை.

குமரி மாவட்டத்துக் கடலோர ஊர் எங்களுடையது. ஊருக்கு ஊர் அணி இருக்கும், திருவிழாவை ஒட்டிக் கோப்பை நடக்கும். ஒரு வருடம் எங்கள் அணியின் ஸ்டாப்பர், அதாவது பின்களத்தின் நடுவில் நிற்பவர், கடலுக்குப் போனவர் கரை திரும்பவில்லை. படகு தாமதம், வேறொன்றும் இல்லை, மறுநாள் காலை வந்துவிட்டார். ஆனால் ஆட்டம் அன்று மாலை. வலது ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த என்னைப் பிடித்து நடுவில் நிறுத்தினார்கள். எனக்குப் பதினாறு வயது. எதிரணி முன்கள ஆள் ஒருவர், மீசை வைத்த மனிதர், முதல் பந்திலேயே தோளால் தள்ளிவிட்டுப் போனார். ஐந்து கோல். ஆட்டம் முடிந்து மணலில் உட்கார்ந்திருந்தபோது ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து, ‘நீ நின்னதுக்கு ஒரு தென்னைமரத்தை நட்டிருக்கலாம்’ என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நடுக்களத்தில் நின்ற அண்ணன்மார்கள் ஒருவர்கூடப் பின்னால் ஓடி வரவில்லை என்பதை யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான் அந்த மணலில் கால் வைக்கவில்லை. இப்போதும் ஊருக்குப் போனால் ‘தென்னை’ என்று கூப்பிடும் ஆட்கள் இருக்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பிராங்குக்கு முன் பயிற்சியாளராக இருந்த போஸ்டெகோக்லுவின் ஆட்டத்தில் பின்கள வரிசை கிட்டத்தட்ட மைதானத்தின் பாதிக் கோட்டில் நிற்கும். ஓரப் பின்கள வீரர்கள் போரோவும் உடோகியும் ஓரத்தை விட்டு நடுக்களத்துக்குள் ஏறிவிடுவார்கள். பந்து நம்மிடம் இருக்கும்வரை பார்க்க அழகு. பறிபோன அடுத்த நொடி, இரண்டே இரண்டு பேர், அவர்களுக்குப் பின்னால் ஐம்பது கஜம் வெறும் புல். அந்தப் புல்லை ஒரே ஆளாக மூடிக்கொண்டிருந்தவர் வான் டி வென். 2023-24 சீசனில் மணிக்கு 37.38 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி பிரீமியர் லீக்கில் சாதனை படைத்தவர். அந்த வேகத்தை ஒவ்வொரு ஆட்டத்திலும் பத்து முறை கேட்டால் தொடையின் பின்தசை என்ன ஆகும்? ஆனதைத்தான் பார்த்தோம். அவர் தொடை ஒரு முறை அல்ல, திரும்பத் திரும்பப் போனது. கதவைக் கழற்றி வைத்துவிட்டு, திருடனைத் துரத்தி ஓடிக் கால் சுளுக்கிய காவலாளியைத் திட்டுகிறோம்.

இதற்கு மேல் ஆதாரம் வேண்டும் என்பவர்கள் ஐரோப்பியக் கிளப்களின் இரண்டாம் நிலைக் கோப்பையான யூரோபா லீக்கை எடுத்துப் பாருங்கள். அல்க்மார், பிராங்க்பர்ட், பொடோ, கடைசியில் மான்செஸ்டர் யுனைடெட். நாக்அவுட்டில் ஏழு ஆட்டங்கள், வாங்கிய கோல்கள் நான்கு. ஏழில் நான்கு! அதே கிளப், அதே சட்டை, பெரும்பாலும் அதே ஆட்கள். என்ன மாறியது? உடம்பு தேறித் திரும்பியிருந்தார்கள், வரிசை கீழே இறங்கி நின்றது. பில்பாவோ இறுதிப் போட்டியில் நாம் கோலை நோக்கி அடித்ததே மூன்று முறைதான். கடைசிக் கட்டத்தில் பின்கள வீரர் டான்சோவையும் இறக்கிப் பின்னால் ஐந்து பேராக நின்றோம். விகாரியோ தவறவிட்ட பந்தை யுனைடெட்டின் ஹொய்லுண்ட் தலையால் முட்ட, கோல்கோட்டின் மேல் காற்றில் பறந்து வெளியே தள்ளினாரே வான் டி வென், இந்திய நேரம் நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு மேல், அப்போது நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது. 17 வருடத்தில் வந்த முதல் கோப்பையை அந்தக் கால்தான் காப்பாற்றியது. விற்கச் சொல்கிறீர்கள்.

‘காயம் எல்லா அணிக்கும்தான் வரும்’ என்று எழுதப் போகிறவர்களுக்கு: வரும். வந்தது. எல்லா அணியிலுமா முதல் கோல்கீப்பரும் நடுப் பின்களத்தின் மூன்று பேரும் மாறி மாறி மாதக்கணக்கில் படுத்தார்கள்? தெரிந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் விடுங்கள்.

‘அதற்கு முந்தைய சீசனிலும் 61 கோல் வாங்கினார்களே’ என்று ஒருவர் நேற்று உள்பெட்டியில் கேட்டார். இது நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். கார்னர் பந்து வந்தாலே விகாரியோவைச் சுற்றி வளைத்து நின்று அவரைக் கையைத் தூக்க விடாமல் செய்தார்கள். ஒரு வருடம் முழுக்க ஊரே பார்த்தது, பயிற்சியாளர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே எனக்கு அவர் மேல் வருத்தம் உண்டு. ஆனால் அதுவும் என் பேச்சுக்கே பலம். நிற்க வைக்கும் முறைதான் கோளாறு, நிற்பவர்கள் அல்ல.

பிராங்க் வந்ததால் எல்லாம் சரியாகிவிடும் என்று குதிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவருடைய பழைய அணி பிரென்ட்ஃபோர்டு 2024-25 சீசனில் வாங்கியது 57 கோல். நம்மைவிட எட்டுதான் குறைவு. மந்திரக்கோல் யாரிடமும் இல்லை. ஆனால் எதிரில் நிற்பவரைப் பார்த்து பின்களத்தில் நாலு பேரா ஐந்து பேரா என்று மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர். கார்னருக்கும் நீண்ட த்ரோவுக்கும் மெனக்கெடுபவர். வரிசையைப் பத்து கஜம் கீழே இறக்கி, நடுக்களத்தில் ஒருவரை ஏறாமல் நிறுத்தினாலே வான் டி வென்னின் ஓட்டம் பாதியாகும், தொடை பிழைக்கும். டான்சோ இருக்கிறார். குரோஷியாவின் ஹாய்துக் ஸ்பிளிட்டிலிருந்து வரவேண்டிய 18 வயதுப் பின்கள வீரர் வுஷ்கோவிச் இந்த 2025 கோடையில் வருகிறார். டிராகுஷின் எப்போது எழுவார் என்பதை வைத்து ஒரு மாற்று ஆள் தேவைப்படலாம், அவ்வளவுதான். எனக்கு இருக்கும் ஒரே பயம் செவ்வாய், புதன் கிழமைகள். யூரோபா கோப்பையை வென்றதால் 2025-26இல் சாம்பியன்ஸ் லீக் இருக்கிறது, வாரத்துக்கு இரண்டு ஆட்டம், அதே தொடைகள்.

17ஆம் இடத்து அணிக்குச் சாம்பியன்ஸ் லீக்கா என்று சிரிக்கலாம். சிரியுங்கள். அந்த டிக்கெட்டை வாங்கிக் கொடுத்த போஸ்டெகோக்லுவை 16 நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள் என்பதையும் சேர்த்துச் சிரியுங்கள். வெற்றியின் உணர்ச்சியை வைத்து முடிவெடுக்க முடியாது என்று கிளப் சொன்னது. கடைசி 66 லீக் ஆட்டங்களில் 78 புள்ளிகள் என்று கணக்கும் காட்டினார்கள். கணக்கு சரி. நானே நவம்பரிலிருந்து அவரைத் திட்டியிருக்கிறேன், இந்தப் பதிவிலும் திட்டியிருக்கிறேன். இரண்டாம் வருடத்தில் நான் எப்போதும் கோப்பை வெல்வேன் என்று அவர் சொன்னபோது கேலி செய்தவர்களில் நானும் ஒருவன். வென்றார். நான் ஒரு மன்னிப்புக்கூட எழுதவில்லை, அதற்குள் ஆள் போய்விட்டார். உணர்ச்சி வேண்டாம் என்றால் நாங்கள் எதற்காக நடு இரவில் உட்கார்ந்திருக்கிறோம்? புள்ளிப் பட்டியலைக் காலையில் செய்தித்தாளில் பார்த்துக்கொள்ளலாமே.

அண்ணன் இதைப் படித்தால், எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 13, இத்தாலியின் உடினேயில் சூப்பர் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் வென்றவரும் யூரோபா லீக் வென்றவரும் மோதும் ஆட்டம். எதிரில் பாரிஸ், இறுதிப் போட்டியில் இன்டருக்கே ஐந்து கோல் போட்டவர்கள். நமக்கும் போடலாம். போட்டால் அந்தப் பலகையை மறுபடி குழுவில் ஒட்டுவீர்கள் என்று தெரியும். ஒட்டுங்கள். கீழே இருக்கிற அந்த வரியை மட்டும் வெட்டிவிட்டு ஒட்டுங்கள்.