ஏரியை உடைத்தது யார் வாய்?

2024 அக்டோபர் 16-க்கு சென்னைக்குக் கனமழை ரெட் அலர்ட் கொடுத்தார்களே, அதற்கு முந்தைய நாள் கதை. இன்னும் ஆறவில்லை எனக்கு.

வேளச்சேரியில் எங்கள் தெருமுனைக் கடையில் பால் இல்லை, பிரெட் இல்லை, மெழுகுவத்தி இல்லை. எனக்கு முன்னால் நின்றவர் கடைசி பன்னிரண்டு பால் பாக்கெட்டையும் வாரிக்கொண்டு போனார். அவர் வீட்டில் இரண்டே பேர். சரி, நான் மட்டும் யோக்கியனா? பால் கிடைக்காத ஆத்திரத்தில் நாலு பால் பவுடர் டப்பாவை அள்ளிக்கொண்டு வந்தேன். என் பின்னால் நின்ற அம்மா என் பையைப் பார்த்துவிட்டு, மிச்சமிருந்த இரண்டையும் எடுத்துக்கொண்டார். பயம் இப்படித்தான் கைமாறுகிறது.

மேம்பாலத்தில் வரிசையாகக் காரை நிறுத்தியவர்களைப் பார்த்து ஊரே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வண்டியை முழுகக் கொடுத்துவிட்டு இன்சூரன்ஸுக்கு நடையாய் நடந்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும். முதல் கார்க்காரர் பட்டு அறிந்தவர். நாற்பதாவது காரை ஓட்டி வந்தவர், முன்னால் நிற்கும் முப்பத்தொன்பதைப் பார்த்து வந்தவர். அபராதம் போடுகிறார்கள் என்று வேறு ஒரு புரளி. போலீஸ் அதை மறுக்க வேண்டியதாயிற்று.

இதுவரை பொறுத்துக்கொள்ளலாம். ராத்திரி பதினொன்றுக்கு குடியிருப்பு குரூப்பில் வந்த வாய்ஸ் நோட் இருக்கிறதே! "செம்பரம்பாக்கம் உடைஞ்சிருச்சாம், எல்லாரும் மேல ஏறுங்க." மூச்சிரைக்கும் குரல். தேதி இல்லை, பேர் இல்லை. எந்த வருஷத்து ஆடியோவோ! ஐயா, செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் அடையாற்றில் போகும். நாங்கள் மூழ்குவது சுற்றுவட்டார ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போக வழியில்லாமல் தேங்குவதால். இத்தனை வருஷம் இங்கே குடியிருந்தும் இது தெரியாதா? ஆனால் 2015 வெள்ளத்தில் அந்த ஏரியின் பெயர் மண்டையில் ஏறிவிட்டது. யார் சொன்னாலும் வயிறு கலங்குகிறது.

2004-இல் சுனாமி வந்து நாலே நாளில், டிசம்பர் 30 அன்று, மறுபடி அலை வருகிறது என்று மத்திய அரசே எச்சரித்து, கடலோரமே ஓடியது. அலை வரவில்லை. அரசே அப்படிச் சொன்னால் ஜனம் யாரை நம்பும்? அதிகாரி வாய் திறக்கத் தாமதமாகிற ஒவ்வொரு மணி நேரத்தையும் ஒரு சித்தப்பா நிரப்பிவிடுகிறார்.

கீழ்வீட்டுப் பாட்டிக்கு முழங்கால் வலி. அந்த ஆடியோவைக் கேட்டுவிட்டு, நடுராத்திரியில் மருந்துப் பையைக் கட்டிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். விடிய விடிய அங்கேயேதான். 16-ஆம் தேதி வெயிலே அடித்தது.

ஆடியோவை அனுப்பிய மாமா காலை ஆறரைக்கு அதே குரூப்பில் ரோஜாப்பூ போட்டு 'இனிய காலை வணக்கம்' அனுப்பியிருந்தார். பதினேழு பேர் கைகூப்பியிருந்தார்கள்.