பாக்குன் அணைப் பகுதி ஆளில்லாக் காடாக இருந்ததில்லை

மலேசியாவின் சரவாக் மாநிலத்திலிருந்து சிங்கப்பூருக்கு நீர்மின்சாரம் வாங்கும் யோசனை குறித்த இந்த உரையாடலில், "பாக்குன் அணை ஆளில்லாத காட்டில் கட்டப்பட்டது, யாருக்கும் பாதிப்பில்லை" என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது உண்மைக்குப் புறம்பானது. அணை கட்டப்பட்ட சரவாக்கின் பலூயி ஆற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த காயான், கென்யாஹ், லாஹானான், உக்கிட், பெனான் சமூகங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 10,000 பேர், 1998 முதல் சுங்கை ஆசாப் என்ற இடத்தில் குடியமர்த்தப்பட்டனர். காட்டில் வேட்டையாடி, ஆற்றில் மீன்பிடித்து, நிலத்தை மாற்றி மாற்றி மலைநெல் பயிரிட்டுவந்த மக்களுக்கு அங்கே குடும்பத்துக்கு 3 ஏக்கர் நிலமே ஒதுக்கப்பட்டது. மண் தேறும்வரை நிலத்தைத் தரிசாக விட்டுவைக்கும் வேளாண்மைக்கு அது எப்படிப் போதும்? அதைவிட வேதனையானது, சொந்த வீட்டைத் தண்ணீருக்குக் கொடுத்தவர்களுக்குத் தரப்பட்ட, பல குடும்பங்கள் வரிசையாக வாழும் நீண்ட வீட்டின் ஒரு பகுதிக்கு 52,000 ரிங்கிட் விலை வைக்கப்பட்டதுதான்.

2010இல் நீர் தேக்கத் தொடங்கிய பிறகு மூழ்கிய பரப்பு சுமார் 695 சதுர கிலோமீட்டர், அதாவது கிட்டத்தட்ட நம் சிங்கப்பூர் அளவு. நீர்மின்சாரத்தை "துளியும் மாசில்லாத மின்சாரம்" என்று சொல்வதும் சரியன்று. மூழ்கிய மரஞ்செடிகள் ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் அழுகும்போது, புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு உண்டாகிறது. வெப்பமண்டல நீர்த்தேக்கங்களில் இது கணிசமாகவே இருக்கக்கூடும். நிலக்கரியைவிட நீர்மின்சாரம் பொதுவாக மேலானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை யாருக்கும் பாதிப்பில்லாத மின்சாரம் என்று சொல்ல முடியாது.