இன்ஜின் சூடாகும் முன்பே இறங்கிவிடுகிறவர்கள்

டேட்டிங் செயலியில் என்னைப் பற்றிய குறிப்பில் 'கார் பிரியன்' என்று எழுதி வைத்தது நான் செய்த முதல் தவறு. பேச வந்தவர்களில் பாதிப் பேர் "என்ன கார் வைத்திருக்கிறீர்கள்?" என்றுதான் ஆரம்பித்தார்கள். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத, நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார், 2 லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது என்று பதில் போட்டால், அந்தப் பக்கம் மௌனம். "இத்தனை கிலோமீட்டருக்குப் பிறகும் ஆயில் குடிக்காமல் ஓடுகிறதா?" என்று ஒருவராவது கேட்டிருந்தால் அன்றைக்கே கல்யாணத்துக்கு நாள் பார்த்திருப்பேன்.

சரி, முதலில் ஆயில் கதையைச் சொல்லிவிடுகிறேன். காதலைவிட அது எனக்குக் கொஞ்சம் நன்றாகத் தெரியும்.

டப்பாவில் 5டபிள்யூ-30 என்று போட்டிருக்கிறதே, அதில் உள்ள 'டபிள்யூ' எடையைக் குறிக்கிறது என்று இன்னமும் பலர் சத்தியம் செய்கிறார்கள். அது 'வின்டர்', அதாவது குளிர்காலம். முன்னால் இருக்கும் எண், குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதற்கு. பின்னால் இருப்பது, 100 டிகிரி செல்சியஸில் அதன் பாகுத்தன்மைக்கு. 'கெட்டியான ஆயில்தான் இன்ஜினுக்குப் பாதுகாப்பு' என்று அறிவுரை சொல்பவர்களிடம் நான் இப்போதெல்லாம் வாதாடுவதில்லை. கையேட்டில் போட்டிருப்பதை ஊற்றுங்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

ஓடும் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட், அதாவது பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு, தன்னைத் தாங்கும் பேரிங்கின் மேல் உட்கார்ந்திருப்பதில்லை. தலைமுடியைவிட மெல்லிய ஓர் ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. இரவு முழுக்க நிறுத்தி வைத்தால் ஆயில் கீழே இறங்கிவிடும். காலையில் சாவியைத் திருப்பியதும் பம்ப் அதை மேலே ஏற்றும் வரை, ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய ஈரத்தை நம்பித்தான் உலோகங்கள் உரசிக்கொள்கின்றன. ஆகவே இன்ஜினுக்கு நெடுஞ்சாலையில் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடுவது ஒரு பொருட்டே இல்லை. அதை அரித்துத் தின்பது, தெருமுனை வரை போய்வரும் பத்து நிமிடப் பயணம். குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் முழுதாக ஆவியாவதில்லை. மிச்சம் பிஸ்டனைச் சுற்றி அடைத்திருக்கும் ரிங்குகளைத் தாண்டி ஆயிலில் இறங்குகிறது. எரிவதில் உண்டாகும் நீராவியும் உள்ளேயே நீராகப் படிகிறது. ஆயில் நன்றாகச் சூடேறினால் இரண்டும் ஆவியாகிப் போய்விடும். சூடேற விட்டால்தானே? அப்படி ஓடிய ஒரு காரின் ஆயில் மூடியைத் திருகி எடுத்துத் திருப்பிப் பாருங்கள்: உள்பக்கம் முழுக்க வெளிர்மஞ்சளாக, நுரைத்த களிம்பு அப்பியிருக்கும். விரலால் வழித்தால் வழவழவென்று வரும். டாஷ்போர்டில் வெப்பமானி முள் நடுவில் நின்றதை வைத்து ஏமாந்துவிடாதீர்கள். அது இன்ஜினைக் குளிர்விக்கும் நீரின் சூடு. ஆயில் சூடாக இன்னும் நேரம் பிடிக்கும்.

இந்தக் கால டேட்டிங் எனக்கு அந்தக் களிம்பைத்தான் நினைவூட்டுகிறது. மூன்று நாள் இடைவிடாத செய்திகள், ஒரு சந்திப்பு, பிறகு ஆளைக் காணோம். அடுத்த ஆள். மறுபடியும் சொந்த ஊர் எது, என்ன வேலை, பிடித்த பாடகர் யார். ஒவ்வொன்றும் ஒரு குளிர்ந்த ஸ்டார்ட். இதில் தேய்ந்து போகிறவர்கள் 'எனக்கு உறவுகளே ஒத்துவராது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உங்களை யாரும் நெடுஞ்சாலைக்கே கூட்டிப் போகவில்லை என்பதுதான் நடந்தது. நானும் இதே குற்றத்தைச் செய்தவன்தான், மறுக்கவில்லை.

நேர் எதிரான இனமும் உண்டு. சிறிய டர்போ இன்ஜினில், நிமிடத்துக்கு 1,500 சுற்று மட்டும் ஓடும்போது, மேல் கியரில் போட்டுக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால், ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளலாம். பிஸ்டனையே உடைக்கக்கூடிய வெடிப்பு அது. இதைத் தடுக்கவே ஆயிலில் கால்சியத்தைக் குறைத்து மக்னீசியத்தைக் கூட்டினார்கள். அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் (ஏபிஐ) 2020-இல் கொண்டுவந்த எஸ்பி என்ற ஆயில் தரம், இந்த வெடிப்பைத் தடுக்கிறதா என்ற சோதனையையும் கேட்கிறது. சந்தித்த இரண்டாம் நாளே "நாம் எதை நோக்கிப் போகிறோம்?" என்று கேட்பவர்களுக்கு எந்த ஆயிலை ஊற்றுவது?

அடுத்து, லேபிள். 'முழு சிந்தெடிக்', அதாவது முழுக்கச் செயற்கையாகத் தயாரித்தது, என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு வழக்கே இருக்கிறது. கச்சா எண்ணெயைக் கடுமையாகச் சுத்திகரித்து எடுத்த அடிப்படை எண்ணெயை காஸ்ட்ரால் நிறுவனம் 'சிந்தெடிக்' என்று விற்றபோது, போட்டி நிறுவனமான மொபில் எதிர்ப்புத் தெரிவித்தது. 1999-இல் அமெரிக்க விளம்பரத் தன்னொழுங்கு அமைப்பு காஸ்ட்ரால் பக்கம் நின்றது. அன்றிலிருந்து அந்தச் சொல்லின் பொருள் இளகிவிட்டது. இதனால் அந்த ஆயில் மட்டம் என்று ஆகிவிடாது. நானே அதைத்தான் ஊற்றுகிறேன். லேபிளைப் படித்துவிட்டு உள்ளே இருப்பது தெரிந்துவிட்டதாக நினைக்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான். 'பயணப் பிரியர், புத்தகப் புழு, நகைச்சுவை உணர்வு உள்ளவர்' என்று போட்டிருந்த ஒருவர் நான் சொன்ன எந்த நகைச்சுவைக்கும் சிரிக்கவில்லை. என் நகைச்சுவையிலும் கோளாறு இருக்கலாம்.

ஆயில் கறுத்துவிட்டால் கெட்டுவிட்டது என்பதும் தவறு. அழுக்கைத் தன்னுள் மிதக்கவிட்டு, இன்ஜினில் படியாமல் காப்பது ஆயிலின் வேலை. டீசல் இன்ஜினில் மாற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடும்.

போன மாதம் ஒருவரைச் சந்தித்தேன். சிறிய டர்போ கார் வைத்திருக்கிறார். ஸ்டார்ட் செய்ததும் மேலே டிக் டிக்கென்று இரண்டு நொடி சத்தம். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "நாலு நாளாக எடுக்கவில்லை. வால்வைத் தூக்கும் லிஃப்டரிலிருந்து ஆயில் இறங்கியிருக்கும், ஆயில் அழுத்தம் வந்ததும் சத்தம் நின்றுவிடும்." நின்றுவிட்டது. எனக்குப் பேச்சே வரவில்லை.

நெடுஞ்சாலையில் ஒரு சுற்று போய்விட்டு என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட வந்தவர், இன்ஜினை நிறுத்தவில்லை. "ஒரு நிமிடம், டர்போ ஆறட்டும்" என்றார். இந்தக் கால டர்போக்களில் தண்ணீரும் சுற்றுகிறது, இவ்வளவு கவனம் தேவையில்லை என்றேன். "தெரியும். பழகிவிட்டது" என்றார். பிறகு அவர் அப்பாவின் பழைய டீசல் கார், நான் பதினெட்டு வயதில் ஆயில் ஊற்ற மறந்து ஜாம் ஆக்கிய இன்ஜின், யார் யாரோடு ஏன் பேசுவதை நிறுத்தினோம் என்று எங்கெங்கோ போனது பேச்சு. டாஷ்போர்டில் மணி பார்த்தேன். நாற்பத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. இவ்வளவு நேரம் ஐட்லிங்கில் ஓடவிட்டால் ஆயிலில் பெட்ரோல் கலக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன்.